பூரணமும் ஓரமும்: பாட்டியின் பலகாரம் கடைக்கு வந்த வழி



மாவை மெல்லியதாக இட்டு, நடுவில் பூரணம் வைத்து, மடித்து, ஓரத்தை ஒட்டி மூடும் பலகாரம் உலகின் பெரும்பாலான நாடுகளில் உண்டு. அடுப்பில் வைத்துச் சுட்டால் ஆங்கிலேயர் அதைப் பை என்பார்கள். எண்ணெயில் பொரித்தால் தமிழ்நாட்டில் அது சோமாஸ், யாழ்ப்பாணத்தில் பற்றீஸ். ஆவியில் வெந்தால் கொழுக்கட்டை. வடிவம் மாறும், பூரணம் மாறும், அடுப்பு மாறும். மூடிய ஓரம் மட்டும் மாறாது. இந்தப் பலகாரத்தை முதலில் செய்தவை வீட்டுக் கைகள், பெரும்பாலும் பாட்டிமாரின் கைகள். அந்தக் கையிலிருந்து அது ஒரு குடும்பத்தின் கடைக்கு எப்படி வருகிறது? வரும் வழியில் எது தொலைகிறது? தொலையாமல் காப்பது எப்படி? இவையே இன்றைய பேச்சின் பொருள்.

பண்ருட்டிக்கும் நெய்வேலிக்கும் நடுவே, சாலையோரம் முந்திரிக் கடைகள் வரிசை கட்டி நிற்கும் காடாம்புலியூரில் இதைப் பேசப் பொருத்தமான காரணம் உண்டு. ஒரு பக்கம் முந்திரியும் பலாவும், மறு பக்கம் நிலக்கரிச் சுரங்கம். இந்தப் பலகாரத்துக்குச் சுரங்கத்தோடு பழைய உறவு இருக்கிறது. அங்கிருந்தே தொடங்கலாம்.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால் என்றொரு வட்டாரம். வெள்ளீயமும் தாமிரமும் வெட்டிய சுரங்கங்கள் நிறைந்த மண். அங்கே சுரங்கத் தொழிலாளி கையில் எடுத்துப் போன சாப்பாடு பாஸ்டி. மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், ஒரு வகைக் கிழங்கு முள்ளங்கி, இவற்றை வேகவைக்காமலே பச்சையாக மாவுக்குள் வைத்து, அரைவட்டமாக மடித்து, ஓரத்தைக் கயிறு போல முறுக்கிச் சுடுவார்கள். தட்டு வேண்டாம், கரண்டி வேண்டாம். எவருடைய பாஸ்டி என்று தெரிய, மாவின் மூலையில் பெயரின் முதல் எழுத்தைப் பதித்து அனுப்பும் வழக்கமும் இருந்தது. சுரங்கத்தின் நச்சுத் தூசு கையில் ஒட்டியிருக்கும், ஆகையால் முறுக்கிய ஓரத்தைப் பிடித்துத் தின்றுவிட்டு ஓரத்தை எறிந்துவிடுவார்கள் என்று ஒரு கதை சொல்வதுண்டு. கதை அழகானது, ஆனால் பழைய படங்களில் தொழிலாளர்கள் காகிதத்திலோ துணியிலோ சுற்றிப் பிடித்துக்கொண்டு முழுவதையும் தின்கிறார்கள். உழைத்துப் பசித்தவன் உணவில் ஒரு விரல் அளவைக்கூட எறிய மாட்டான் என்பதே நம்பத் தகுந்தது.

அந்தச் சுரங்கத் தொழிலாளர்கள் ஊரைவிட்டுப் போன இடமெல்லாம் அந்த மடிப்பும் போயிற்று. 1820-களில் மெக்சிகோவின் ரியல் டெல் மான்டே வெள்ளிச் சுரங்கத்துக்குப் போனார்கள். இன்றும் அந்த ஊரில் அதே அரைவட்டம் விற்கிறது, உள்ளே மிளகாயும் மெக்சிகோ மசாலாவும் வைத்து. அதே கார்ன்வால் தொழிலாளர்கள் நம் பக்கத்துக் கோலார் தங்கவயலுக்கும் வந்தார்கள். 1880 முதல் அந்தச் சுரங்கங்களை நடத்திய ஜான் டெய்லர் கம்பெனியின் கீழ், அவர்களோடு ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் அதே ஆழத்தில் இறங்கி வேலை செய்தார்கள். 2011-ல் ஐரோப்பிய ஒன்றியம் கார்ன்வால் பாஸ்டிக்குப் புவிசார் பாதுகாப்புக் கொடுத்தது. அந்த விதியைப் படித்தால் வியப்பாக இருக்கும். அரைவட்ட வடிவம், ஓரம் பக்கவாட்டில் மடிக்கப்பட வேண்டும், இறைச்சி குறைந்தது 12.5 சதவீதம், பூரணம் பச்சையாகவே உள்ளே போக வேண்டும். ஒரு கிழவி கண்ணளவில் செய்ததை ஒரு சட்டம் எண்ணளவில் எழுதிவைத்தது. கண்ணளவு எண்ணளவாக மாறிய இந்த இடத்தை நினைவில் வைக்க வேண்டும். பேச்சு மறுபடி இங்கே வரும்.

சுரங்கத்துக்கு எடுத்துப்போன பலகாரம் ஒரு பக்கம். குடும்பக் கடையாக நிலைத்த பலகாரம் இன்னொரு பக்கம். லண்டனில் டவர் பிரிட்ஜ் சாலையில் பை சுட்டு விற்கும் மான்சே என்றொரு கடை. இத்தாலியின் ரவெல்லோ ஊரிலிருந்து சிறுவனாக வந்த மிக்கேலே மான்சே, அதே தொழில் செய்த குக் என்ற குடும்பத்தில் பெண் எடுத்தார். மாமனார் தொடங்கிய கடையை 1902-ல் ஏற்று நடத்தினார். இறைச்சிப் பை, மசித்த உருளைக்கிழங்கு, மேலே பச்சைத் தழை போட்ட குழம்பு. துறைமுகத் தொழிலாளியின் மதியச் சாப்பாடு அவ்வளவுதான். அவருடைய சகோதரர்களும் கடைகள் வைத்தார்கள். 1930 வாக்கில் அந்தக் குடும்பப் பெயரில் 14 கடைகள் இருந்தன. பிறகு பேரன்மார் காலம் வரை அந்த முதல் கடை நடந்து வந்திருக்கிறது. கடையைத் தாங்கியது எது? விளம்பரமா? இல்லை. பட்டியலை நீட்டாமல் இரண்டு மூன்று பண்டத்தோடு நின்றதும், கடை குடும்பத்தின் கையிலேயே இருந்ததும்தான்.

இனி நம் வீட்டுக்கு வரலாம்.

மடித்து மூடிப் பொரிக்கும் பலகாரம் நம் நாட்டுக்கு ஒரே வழியில் வந்ததாகச் சொல்ல முடியாது. இறைச்சியும் பருப்புகளும் வைத்துப் பொரித்த சம்புசாவைப் பற்றி, 14-ஆம் நூற்றாண்டில் துக்ளக் அரசவையில் விருந்துண்ட இப்னு பதூதா எழுதியிருக்கிறார். அது மேற்கிலிருந்து வந்த சமோசாவின் முன்னோர். இனிப்புப் பூரணம் வைத்த அரைவட்டமோ இந்தியா முழுக்க வீட்டுப் பண்டிகையோடு ஒட்டிக் கிடக்கிறது. வடக்கே ஹோலிக்கு குஜியா, மராட்டியத்தில் தீபாவளிக்கு கரஞ்சி, கோவாவில் கிறிஸ்துமசுக்கு நெவ்ரி, ஆந்திரத்தில் கஜ்ஜிகாய, தமிழ்நாட்டில் தீபாவளிக்குச் சோமாஸ். மதம் வேறு, பண்டிகை வேறு, கை வேலை ஒன்று.

அந்தக் கை வேலையைச் சோமாசில் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஏனென்றால் கடை பிழைப்பதும் கெடுவதும் இந்தச் சில நிமிடங்களில்தான்.

ஒரு கிலோ மைதாவுக்கு ஒரு பிடி ரவை, சிட்டிகை உப்பு. நெய்யைச் சூடாக்கி மாவில் ஊற்றி, தண்ணீர் சேர்க்கும் முன்பே விரல் நுனியால் பிசறுவார்கள். கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், விட்டால் உதிர வேண்டும். அதுதான் பதம். ஏன் நெய் முதலில்? மைதாவில் உள்ள புரதம் தண்ணீர் பட்டதும் பசையாகி இழுபடும். நெய் முந்திக்கொண்டு மாவைப் பூசிவிட்டால் அந்த இழுவை குறைந்து, பொரித்த ஓடு கடித்ததும் உடையும். நெய் குறைந்தால் ஓடு தோல் மாதிரி இழுக்கும். கூடினால் எண்ணெயில் போட்டதும் பிளந்துவிடும். பிறகு தண்ணீர் தெளித்துப் பூரி மாவைவிடக் கெட்டியாகப் பிசைந்து, ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் மூடிவைக்க வேண்டும். அவசரப்பட்டு உடனே இட்டால் மாவு சுருங்கிக்கொண்டே போகும், கட்டைக்கு அடங்காது.

பூரணம் பொட்டுக்கடலை மாவு, பொடித்த சர்க்கரை, வறுத்த கொப்பரைத் துருவல், கசகசா, ஏலக்காய், நெய்யில் பொன்னிறமாக வறுத்த முந்திரித் துண்டு. ஈரம் உள்ள பொருள் ஒன்றுகூட இதில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பச்சைத் தேங்காயும் வெல்லப்பாகும் சேர்த்த பூரணம் மறுநாளே ஓட்டை நமுக்கவைத்துப் புளிக்கத் தொடங்கும். உலர்ந்த பூரணம் சம்புடத்தில் வாரக் கணக்கில் நிற்கும். தீபாவளிக்கு நான்கு நாள் முன்பே செய்து வைத்து, உறவுக்காரர் வீட்டுக்கெல்லாம் அனுப்ப வேண்டிய பலகாரத்துக்கு இந்த அறிவு தேவைப்பட்டது. பள்ளிக்கூடம் போகாத பாட்டிமார் கண்டுபிடித்த உணவுப் பதனம் இது. இதை அறிவியல் என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

இப்போது ஓரம். இட்ட மாவின் பாதியில் ஒரு கரண்டி பூரணம். விளிம்பில் ஒரு துகள்கூட ஒட்டியிருக்கக் கூடாது. விரலில் பால் தொட்டு விளிம்பு முழுக்கத் தடவி, மடித்து, உள்ளே இருக்கும் காற்றை நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் தள்ளி, அழுத்தி ஒட்ட வேண்டும். பிறகு சோமாஸ் கரண்டியின் பல் சக்கரத்தை ஓட்டி அதிகப்படி மாவை வெட்டுவார்கள். கை தேர்ந்தவர்கள் சக்கரம் தொடாமல், கட்டைவிரலால் மடித்து மடித்துப் பின்னிக்கொண்டே போவார்கள். ஓரம் விட்டுப்போனால் என்ன ஆகும்? ஒரே ஒரு சோமாஸ் வாணலியில் வாய் திறந்தால் போதும், சர்க்கரையும் பொட்டுக்கடலை மாவும் எண்ணெயில் கொட்டிக் கருகும். எண்ணெய் நுரைத்துக் கறுக்கும். அதற்குப் பிறகு போடும் ஐம்பதும் கசக்கும், ஓட்டில் கரும்புள்ளி விழும். எண்ணெயை வடிகட்டி, வாணலியைத் துடைத்து, மறுபடி தொடங்க வேண்டும். வீட்டில் அது ஒரு மணி நேர நட்டம். கடையில் அன்றைய லாபமே போய்விடும்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி. பாட்டி இதையெல்லாம் எங்கே எழுதிவைத்தாள்? எங்கும் எழுதவில்லை. பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். தப்பாக ஒட்டியபோது கையில் தட்டு வாங்கினாள். அப்படித்தான் வித்தை கைமாறியது. பக்கத்தில் உட்காரும் பேத்தி இல்லாத வீட்டில் வித்தை அந்தத் தலைமுறையோடு நின்றது.

எழுதிவைக்கலாம் என்று துணிந்த ஒரு தமிழ்ப் பெண்மணி உண்டு. எஸ். மீனாட்சி அம்மாள். இளம் வயதில் கணவரை இழந்தவர். உறவினர்கள் அடிக்கடி கடிதம் போட்டு இது எப்படி, அது எப்படி என்று கேட்க, நெருங்கிய உறவினர் ஒருவரின் தூண்டுதலால் எழுதத் தொடங்கி, 1951-ல் ‘சமைத்துப் பார்’ நூலை வெளியிட்டார். பல தலைமுறை மணப்பெண்கள் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு புகுந்த வீட்டுக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். ‘கொஞ்சம் போடு’, ‘தேவையான அளவு’ என்று வாயால் சொன்னதை அவர் அளவாக்கினார். அந்த நூலை அவர் குடும்பத்தாரே தொடர்ந்து பதிப்பித்து வந்தார்கள். கடை வைக்காமலே ஒரு குடும்பம் பாட்டியின் சமையலைக் காத்த வழி இது.

கடை வைத்துக் காத்தவர்களும் உண்டு. 1948-ல் கோவையில் மகாதேவ ஐயர் தொடங்கிய ஸ்ரீ கிருஷ்ணா ஸ்வீட்ஸ், கெட்டியாகப் பொறபொறவென்று இருந்த மைசூர்பாகை நெய் கூட்டி வாயில் கரையும் மைசூர்பாவாக்கி, அந்த ஒரு பண்டத்தாலேயே பெயர் பெற்றது. மணப்பாறை முறுக்கு ரயில் நிலையத்தில் பயணிகளிடம் விற்று வளர்ந்து, 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. இன்றும் அது குடும்பங்களின் குடிசைத் தொழில்தான். தூத்துக்குடி மக்ரூனோ இன்னும் சுவையான வரலாறு. ஐரோப்பாவில் பாதாம் மாவில் செய்த பண்டம், நம் கடற்கரைக்கு வந்ததும் பாதாமை விட்டு முந்திரியைப் பிடித்துக்கொண்டது. முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரித்தூள், இந்த மூன்றும் சேர்ந்து கூம்பாக நின்று தூத்துக்குடியின் சொந்தப் பண்டமாயிற்று. அந்த ஊர் பேக்கரிக் குடும்பங்கள் அதைத் தலைமுறையாகச் செய்கின்றன.

கோவை அருகே வடிவேலம்பாளையத்தில் விறகடுப்பில் இட்லி அவித்து ஒரு ரூபாய்க்கு விற்ற கமலாத்தாள் பாட்டியை நாடே அறியும். அங்கே பாட்டியின் அடுப்படியே கடை. லாபம் நோக்கமல்ல என்று அவரே தீர்மானித்து நடத்தினார். அது அறம். அதை எல்லாரும் போற்ற வேண்டும். ஆனால் ஒரு குடும்பம் அடுத்த தலைமுறைக்கும் சோறு போடக் கடை வைக்கிறது என்றால், விலையில் கைக்கூலி சேர வேண்டும். பாட்டி கணக்குப் பார்க்காமல் கொடுத்தாள் என்பதற்காக, மருமகளும் பேத்தியும் காலை நான்கு மணி முதல் கூலியில்லாமல் மாவு பிசைய வேண்டும் என்பது நியாயமாகாது. வீட்டுப் பலகாரக் கடைகள் பல மூடிப்போனதற்குக் காரணம் ருசி கெட்டதல்ல. வேலை செய்த பெண்கள் ஓய்ந்துபோனார்கள், அடுத்தவள் வரவில்லை. மாவு, எண்ணெய், முந்திரி, கேஸ், வாடகை எல்லாம் கணக்கில் ஏறுகிறது. ஓரம் மடிக்கும் கையின் நேரம் மட்டும் ஏறுவதில்லை. முதலில் அதை ஏற்ற வேண்டும்.

சரி, காடாம்புலியூருக்கு என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது.

முந்திரி பிரேசில் நாட்டு மரம். 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். பண்ருட்டி, விருத்தாசலம் வட்டாரச் செம்மண்ணில் அது ஊன்றிக்கொண்டது. விருத்தாசலத்து வேளாண் ஆராய்ச்சி நிலையம் வி.ஆர்.ஐ. என்ற பெயரில் ரகங்கள் தந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியபோது இந்த வட்டாரத்து முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் வேரோடு சாய்ந்தன. தாத்தா நட்ட மரம் பேரன் கண்முன் விழுந்தது. அதற்குப் பிறகும் மக்கள் கன்று நட்டார்கள். உள்ளூர்க் கொட்டை போதாமல் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் கொட்டை வந்து இங்கே உடைபடுகிறது. உடைக்கும் வேலை பெரும்பாலும் பெண்கள் கையில். தோட்டின் எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். சாம்பலோ எண்ணெயோ தடவிக்கொண்டு உடைப்பார்கள். விரல் கறுத்தாலும் பருப்பு வெள்ளையாக வர வேண்டும்.

அந்தப் பருப்பு தரம் பிரியும் விதத்தில்தான் ஒரு பலகாரக் கடைக்கு வாய்ப்பு ஒளிந்திருக்கிறது. முழுப் பருப்பை எண்ணிக்கையால் தரம் பிரிக்கிறார்கள். ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம் எடைக்கு 320 பருப்புக்குள் நின்றால் அது டபிள்யூ 320. 240-க்குள் நின்றால் டபிள்யூ 240, பருப்பு பெரிது, விலையும் கூட. உடைக்கும்போது பாதியாகப் பிளந்தவை, துண்டானவை, குருணை இவை விலை இறங்கும். ருசியிலோ சத்திலோ இறக்கமே இல்லை. சோமாஸ் பூரணத்துக்கு முழுப் பருப்பு எதற்கு? துண்டுதான் வேண்டும். வெளியூர்க் கடைக்காரர் பெட்டியில் பல கை மாறி வாங்கும் துண்டுப் பருப்பு, இங்கே உடைத்த மறுநாளே புதிதாகக் கிடைக்கும். முந்திரியில் எண்ணெய்ச் சத்து அதிகம், நாள்பட்டால் சிக்கு வாசம் வந்துவிடும். ஆகவே புதுப் பருப்பு என்பது ருசிக்கும் ஆயுளுக்கும் ஒரே நேரத்தில் கிடைக்கும் நன்மை. பொட்டுக்கடலையைக் குறைத்து முந்திரியைக் கூட்டிய பூரணம் வேறு ஊரில் கட்டுபடியாகாது. இந்த ஊரில் கட்டுபடியாகும்.

பலாவும் அப்படித்தான். சித்திரை, வைகாசியில் சாலையோரம் குவியும் பழம் ஆடியில் ஓய்ந்துவிடும். பழுத்த சுளையை வேகவைத்து மசித்து, வெல்லமும் நெய்யும் சேர்த்து, வாணலியில் ஒட்டாமல் சுருண்டு வரும் வரை கிளறினால் மாதக்கணக்கில் கெடாது. கேரளத்தில் சக்கவரட்டி என்று பரணி நிறைய வைத்திருப்பார்கள். ஈரம் சுண்டிய அந்தப் பாகு சோமாசுக்குள் பூரணமாகவும் நிற்கும், ஓட்டையும் அவ்வளவு விரைவில் நமுக்கவிடாது. சுடும் அடுப்பு உள்ள கடையென்றால் அதையே வைத்துப் பை சுடலாம். பண்ருட்டிப் பலாவுக்கும் பண்ருட்டி முந்திரிக்கும் 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. குறியீடு பழத்துக்கும் பருப்புக்கும் கிடைத்தது. அதை வைத்துச் செய்யும் பண்டத்துக்குப் பெயர் வாங்கித் தருவது கடைகளின் வேலை.

வாங்க ஆள் உண்டா? பக்கத்தில் நெய்வேலி. 1956-ல் நிலக்கரி நிறுவனம் தொடங்கி, மாநிலத்தின் எல்லா மாவட்டத்திலிருந்தும், வெளி மாநிலங்களிலிருந்தும் மக்கள் வந்து குடியேறிய நகரியம். சொந்த ஊரில் பாட்டி செய்த பலகாரத்தை நினைத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போகிறவர்கள் அங்கே பல்லாயிரம் பேர். சென்னைக்கும் கும்பகோணம், தஞ்சாவூருக்கும் போகிற பேருந்துகளும் கார்களும் இந்தச் சாலையில்தான் ஓடுகின்றன. முந்திரி வாங்க வண்டியை நிறுத்துகிறவர் அதே நிறுத்தத்தில் பலகாரமும் வாங்குவார்.

கடையாக மாறும்போது மூன்று இடங்களில் கண் வேண்டும். முதலாவது எண்ணெய். வீட்டில் மிஞ்சிய எண்ணெயைத் தாளிப்புக்கு வைத்துக்கொள்வார்கள். கடையில் அதே எண்ணெயை நாள்கணக்கில் காய்ச்சினால் நஞ்சாகும். சிதைந்த பொருளின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 முதல் விதி இருக்கிறது. இரண்டாவது நாள். தட்டில் வைத்து விற்கும் இனிப்புக்கும் எந்த நாளுக்குள் உண்ண வேண்டும் என்று எழுதிவைக்க வேண்டும் என்பது 2020 அக்டோபர் முதல் வந்த விதி. உலர் பூரணச் சோமாசுக்கு ஒரு தேதி, பலாப் பூரணத்துக்கு வேறு தேதி. இரண்டையும் ஒரே தட்டில் கலக்கக் கூடாது. மூன்றாவது அளவு. ஐம்பது சோமாசுக்குப் போட்ட நெய்யைப் பத்தால் பெருக்கி ஐந்நூறுக்குப் போட்டால் சரியாக வராது. மாவு பெரிய குவியலானால் பிசறும் நேரம் மாறும், முதலில் இட்டது காயும், கடைசி உருண்டை இறுகும். ஆகவே மாவைச் சிறு சிறு பங்காகவே பிசைய வேண்டும். தராசு, வெப்பமானி, ஒரு நோட்டுப் புத்தகம், இவை மூன்றும் கடைக்கு வாணலியைப் போல அவசியம். எண்ணெய் 160 டிகிரிக்கும் 170 டிகிரிக்கும் நடுவே நிற்கிறதா என்று கருவி சொல்லிவிடும். பிசறிய மாவு பிடி நிற்கிறதா, ஓரத்தில் காற்று தங்கியிருக்கிறதா என்பதைக் கைதான் சொல்லும். கருவி சொல்வதை எழுதிவைக்க வேண்டும். கை சொல்வதை இன்னொரு கைக்குப் பழக்கிவைக்க வேண்டும். எழுதுவதைச் செய்து பழக்குவதை விட்ட கடைகளில் பண்டம் பார்க்க அப்படியே இருக்கும், தின்றவருக்கு வித்தியாசம் தெரிந்துவிடும்.

இப்படிப்பட்ட குறுந்தொழில்களுக்கென்றே 2020-ல் மத்திய அரசு உணவு பதப்படுத்தும் குறுநிறுவனத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. திட்டச் செலவில் 35 சதவீதம், உச்சவரம்பு 10 லட்சம் ரூபாய், கடனோடு இணைந்த மானியம் என்றும், சுய உதவிக் குழுவில் உறுப்பினர் ஒருவருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க நிதி என்றும் அறிவித்தது. விண்ணப்பம், கடன் பத்திரம், உணவுப் பாதுகாப்புப் பதிவு, மூன்றிலும் ஒரு பெயர் எழுத வேண்டும். பலகையில் பாட்டியின் படத்தை மாட்டிவிட்டு, பத்திரத்தில் வீட்டு ஆண்களின் பெயரை மட்டும் எழுதும் வழக்கம் எங்கும் இருக்கிறது. காடாம்புலியூரில் கொட்டை உடைக்கும் பெண், பலா கிளறும் பெண், ஓரம் மடிக்கும் பெண், இவர்கள் பெயர் அந்தத் தாள்களில் ஏற வேண்டும். பதிவுச் சான்றிதழைக் கடையில் எல்லாரும் பார்க்கும் இடத்தில் மாட்டிவைக்க வேண்டும் என்பது சட்டம். அதில் எழுதியிருக்கும் பெயர் அடுப்படியில் நிற்பவளுடையதாக இருக்கட்டும்.